தீவார் மூட்டின நெருப்பு

வேதபாடம். வாசிக்கவேண்டிய பகுதி: அப்போஸ்தலர் 28:1-10



மெலித்தா தீவு என்று சொன்னவுடனே நமக்கெல்லாம் ஞாபகத்துக்கு வருவது அந்த விரியன்பாம்புதான். பவுலின் கையைப் பிடித்துக்கொண்டது, அவர் உதறினார், அது தீயிலே விழுந்தது, அவருக்கு ஒரு சேதமும் வரவில்லை. இதை வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! கேட்டு எத்தனை முறை அல்லேலூயா சொல்லியிருப்போம்! ஆனால் கொஞ்சம் நிதானமாய் யோசித்துப் பாருங்கள். அந்தப் பாம்பு எங்கேயிருந்து வந்தது? விறகுக்குள்ளே இருந்து வந்தது. விறகு எதற்கு? நெருப்புக்கு. அந்த நெருப்பை முதலில் மூட்டினது யார்? அந்த இடத்தில் நாம் யாரும் நிற்கிறதில்லை. நேரே பாம்புக்குப் போய்விடுகிறோம்.

லூக்கா அங்கே நின்றார். கப்பலில் 276 பேர். பதினான்கு நாள் சூரியனையும் நட்சத்திரங்களையும் காணாமல் புயலில் அலைந்து, கப்பல் உடைந்து, நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் கரை சேர்ந்தார்கள். உடம்பெல்லாம் ஈரம். மேலே மழை, குளிர். அந்தத் தீவின் ஜனங்கள் இவர்களைப் பார்த்தவுடனே நெருப்பு மூட்டி எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் காட்டின அன்பு சாதாரணமானது அல்ல என்று லூக்கா எழுதிவைத்திருக்கிறார். நம்முடைய தமிழ் வேதத்தில் அவர்களை அந்நியர் என்று வாசிக்கிறோம். மூலபாஷையில் உள்ள சொல் கிரேக்கம் பேசத் தெரியாதவர்களைக் கிரேக்கர் அழைத்த சொல். காட்டான் என்கிற மாதிரி கொஞ்சம் இளப்பமாகவும் தொனிக்கும். அப்படிப்பட்ட ஜனங்கள்தான் நெருப்பு மூட்டினார்கள். கரைக்கு வந்தவர்களில் கைதிகள் இருந்தார்கள், போர்ச்சேவகர் இருந்தார்கள். நீங்கள் யார், எந்த ஊர், எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறீர்கள் என்று தீவார் விசாரித்ததாக ஒரு வரியும் இல்லை.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் நெருப்பு. அப்புறம்தான் பாம்பு. அதற்கு அப்புறம் புபிலியு என்கிற தீவின் முதலாளி மூன்று நாள் வீட்டிலே வைத்து உபசரித்தார். அவருடைய தகப்பனுக்காகப் பவுல் ஜெபித்து, கைகளை வைத்து, சுகம் கிடைத்தது அதற்கும் பிறகு. அதாவது, அப்போஸ்தலன் கொடுக்கிறதற்கு முன்னே வாங்கினார். நம்முடைய ஊழியர்களும் விசுவாசிகளும் இந்த வரிசையைக் கவனிக்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பாடம்.

நம் தேசத்திலே தூரப் பிரயாணம் பண்ணினவர்களுக்கு இது சீக்கிரம் விளங்கும். சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ராத்திரி. நாக்பூர் தாண்டினதும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்த குடும்பம் டிபன் டப்பாவைத் திறக்கும். பூரி, உருளைக்கிழங்கு சப்ஜி, மாங்காய் ஊறுகாய். பேப்பர் தட்டில் வைத்து முதலில் உங்களிடம்தான் நீட்டுவார்கள். “லீஜியே பாய் ஸாப்.” வேண்டாம் என்றால் இன்னொரு தரம் சொல்லுவார்கள். அப்பவும் வேண்டாம் என்றால் அந்த அம்மா முகம் கொஞ்சம் வாடிப்போகும். பாஷை தெரியாது, பேர் தெரியாது. டெல்லியில் இறங்கினால் மறுபடி பார்க்கப்போவதும் இல்லை.

(முன்பின் தெரியாதவர்கள் தரும் தின்பண்டத்தை வாங்கிச் சாப்பிடவேண்டாம் என்று ரயில்வேயே எச்சரிக்கிறது. மயக்க மருந்து கலந்து கொடுத்துத் திருடுகிறவர்கள் உண்டு. ஆகையால் பகுத்தறிவும் வேண்டும். ஒரு குடும்பம் தாங்கள் சாப்பிடுகிற டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பது வேறு, தனியாய் வந்து ஒட்டிக்கொள்ளுகிறவன் பிஸ்கட் நீட்டுவது வேறு. தனியாய்ப் பிரயாணம் பண்ணுகிற சகோதரிகள் இதிலே இரட்டிப்பு ஜாக்கிரதையாய் இருப்பது நல்லது. அன்பைப் பற்றி எழுதுகிறோம் என்பதற்காக ஆபத்தை மறைக்கக்கூடாது.)

வடக்கே போகிறவர்களில் அநேகர் அமிர்தசரஸைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பொற்கோவிலில் லங்கர் என்கிற பொதுப் பந்தி நடக்கிறது. ராத்திரி பகல் என்று இல்லை, எப்போது போனாலும் சாப்பாடு உண்டு. சாதாரண நாளிலேயே ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள், விசேஷ நாட்களில் அது லட்சத்தைத் தொடும். தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் வரிசையாய் உட்காரவேண்டும். பணக்காரனுக்கு ஒரு வரிசை, ஏழைக்கு ஒரு வரிசை என்று கிடையாது. குருநானக் காலத்தில் தொடங்கினது. மூன்றாம் குருவாகிய அமர்தாஸ் தம்மைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரவேண்டும் என்று ஒழுங்கு வைத்தார். பருப்பு, ரொட்டி, ஒரு காய், பாயசம் மாதிரி கீர். ரொட்டியைத் தட்டில் போடமாட்டார்கள். நீங்கள் இரண்டு கைகளையும் விரித்து ஏந்தவேண்டும், அவர்கள் கையிலே வைப்பார்கள். கோடீஸ்வரனாயிருந்தாலும் அங்கே கை ஏந்தித்தான் ஆகவேண்டும். அந்தப் பக்கம் போனால் தட்டு கழுவுகிற இடம். உத்தியோகத்தில் இருக்கிறவர்கள், வியாபாரிகள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் முழங்கை வரை நனைந்து தட்டு கழுவுகிறார்கள். வெங்காயம் உரிக்கிற தாய்மார் ஒரு பக்கம். சம்பளம் இல்லை, சேவை. வருகிறவர்களின் செருப்பை வாங்கித் துடைத்து வைக்கிறதையும் பாக்கியமாய் நினைத்துச் செய்கிறார்கள். சீஷர்களுடைய கால்களைக் கழுவின ஆண்டவரைப் பற்றிப் பேசுகிற நாம் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்க்கலாம்.

உடனே ஒரு கேள்வி வரும். “பிரதர், அங்கே சாப்பிடலாமா?” நல்ல கேள்விதான். மனச்சாட்சி உள்ளவர்கள்தான் கேட்பார்கள். 1 கொரிந்தியர் 10ம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுத்துப் படியுங்கள். அவிசுவாசி ஒருவன் உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டால், போக மனதிருந்தால், முன்னால் வைக்கிறதை விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்பதுதான் பவுலின் ஆலோசனை. இது படைக்கப்பட்டது என்று ஒருவன் எடுத்துச் சொன்னால் அப்போது விட்டுவிடுங்கள் என்கிறார். லங்கரில் வைப்பது பசித்தவனுக்காகச் சமைத்த சாப்பாடு. கோவில் பக்கத்தில் கையில் கொடுக்கிற கடா பிரசாதம் என்கிற இனிப்பு வேறு. அது ஆராதனையோடு சேர்ந்தது. அதை வாங்க மனச்சாட்சி இடங்கொடாதவர்கள் இரண்டு கையையும் கூப்பி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். யாரும் சண்டைக்கு வருவதில்லை. ஆனால் ஒரு வீட்டுக்காரி தன் பிள்ளைக்கு எடுத்துவைத்த ரொட்டியை உங்களுக்குத் தரும்போது, அவள் வீட்டுச் சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வது எந்தப் பரிசுத்தத்திலும் சேர்த்தி அல்ல.

பஞ்சாபைப் பேசினால் சாது சுந்தர்சிங்கை விட்டுவிட முடியாது. 1889ல் ராம்பூர் என்கிற கிராமத்தில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். 1905 செப்டம்பரில், பதினாறு வயதில், சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த மாதமே காவி உடுத்திக்கொண்டு கையில் காசில்லாமல் புறப்பட்டுவிட்டார். அவருடைய ஜெபத்தையும் பாடுகளையும் தரிசனங்களையும் பற்றி நம் பத்திரிகைகளில் ஏராளமாய் எழுதியாயிற்று. நான் கேட்பது சாதாரண கேள்வி. காசில்லாத வாலிபன், ஊர் ஊராய் நடக்கிறவன், சமையல் பாத்திரம் இல்லாதவன், எப்படிச் சாப்பிட்டார்? கர்த்தர் போஷித்தார். ஆமென். யாரைக் கொண்டு போஷித்தார்? பஞ்சாபிலும் இமயமலை அடிவாரத்திலும் உள்ள இந்து, சீக்கிய, முஸ்லிம் வீடுகளின் தாய்மாரைக் கொண்டு. காவி கட்டி வாசலில் நிற்கிறவனுக்கு வெறுங்கையாய் அனுப்பாமல் ஏதாவது கொடுப்பது அந்த ஜனங்களின் வழக்கம். இவர் இயேசுவின் சீஷன் என்று தெரிந்ததும் சில வீடுகளில் விரட்டினார்கள். குகையிலும் மரத்தடியிலும் படுத்த ராத்திரிகளும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் 1929ல் அவர் கடைசியாகத் திபெத்தை நோக்கிப் போய்த் திரும்பாமல் போனது வரைக்கும், அவரைச் சுமந்ததில் பெயர் தெரியாத எத்தனையோ அடுப்புகளுக்குப் பங்கு உண்டு.

அவர் சொன்ன தண்ணீர்ப் பாத்திரச் சம்பவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரயில் நிலையத்தில் வெயிலில் மயங்கின ஒரு பிராமணர், அந்நியக் கோப்பையில் கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்கிறார். அவருடைய சொந்தப் பித்தளைச் செம்பில் கொண்டுவந்தபோது குடிக்கிறார். ஜீவத்தண்ணீரை இந்தியப் பாத்திரத்தில் கொடுங்கள் என்பதற்காக அதைச் சொல்லுவார். கொடுக்கிறவர்களுக்கு அது நல்ல பாடம். அதோடு நான் ஒரு கேள்வியைச் சேர்க்கிறேன்: அவர்கள் செம்பிலே அவர்கள் நமக்குத் தண்ணீர் கொண்டுவந்தால் நாம் குடிக்கிறோமா?

ராஜஸ்தான் பக்கம் வழியோரத்தில் பியாவ் என்று தண்ணீர்ப் பந்தல் இருக்கும். மண்பானையிலிருந்து ஒருவர் ஊற்ற, கையைக் குவித்துக் குடிக்கவேண்டியதுதான். நம் ஊர்த் தண்ணீர்ப்பந்தலும் மங்கம்மாள் சத்திரமும் சுமைதாங்கிக் கல்லும் இதே குணத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் பாலைவனத்தில், ஒரு குடத்துக்கு எவ்வளவோ தூரம் நடக்கிற இடத்தில், வந்தவனுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதற்கு எடை அதிகம். சறிபாத் ஊர் விதவையும் எலியாவும் நினைவுக்கு வருகிறார்கள். அவளும் வேறு ஜாதி, வேறு தேசம். கர்த்தர் எலியாவை இஸ்ரவேலில் உள்ள எந்த விதவையிடத்திலும் அனுப்பாமல் அங்கே அனுப்பினார் என்று ஆண்டவரே நாசரேத்தில் எடுத்துச் சொன்னார். ஜெபஆலயத்தில் இருந்தவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

மெலித்தாவின் நெருப்பைக் கண்ணால் பார்க்கவேண்டுமானால் குளிர் காலத்தில் காஷ்மீருக்குப் போகவேண்டும். காங்கிரி என்று ஒன்று வைத்திருப்பார்கள். சின்ன மண்சட்டி, அதைச் சுற்றிக் கூடை மாதிரி பின்னி ஒரு கைப்பிடி, உள்ளே கரித்தணல். ஃபெரன் என்கிற நீண்ட அங்கிக்குள்ளே அதைப் பிடித்துக்கொண்டு நடமாடுவார்கள். விருந்தாளி வந்து உட்கார்ந்தால் காங்கிரியை அவர் பக்கம் நகர்த்துவார்கள். பிறகு சமோவாரிலிருந்து உப்புத் தேநீரோ கஹ்வாவோ வரும். லடாக்கில் இன்னொரு வழக்கம். வெண்ணெய்த் தேநீர், நீங்கள் ஒரு வாய் குடித்து வைத்தவுடனே கிண்ணத்தை மறுபடியும் நிரப்பிவிடுவார்கள். காலியாய் விட்டால் மரியாதைக் குறைவு. நம் சபைகளில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அப்பாமார் எத்தனையோ பேர் உண்டு. பனியிலே டியூட்டி பார்த்த காலத்தைப் பற்றிக் கேட்டால், பக்கத்துக் கிராமத்தில் யாரோ கொடுத்த தேநீரைச் சொல்லாமல் முடிக்கமாட்டார்கள். குண்டு வெடித்ததைச் சாட்சியாய்ச் சொல்லுகிறார்கள், சரி. அந்தத் தேநீரையும் சாட்சியாய்ச் சொல்லலாம்.

வடகிழக்கே மேகாலயாவின் காசி மலையில் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் க்வாய் தருவார்கள். வெற்றிலையும் சுண்ணாம்பும் பாக்கும். மிசோராமில் த்லாம்ஙைனா என்று ஒரு சொல் உண்டு. தன் வசதியைப் பாராமல் பிறனுக்கு உதவுவது, விருந்தாளியைத் தாங்குவது, சொல்லிக்காட்டாமல் செய்வது, இத்தனையும் அந்த ஒரு சொல்லில் அடங்கும். சுவிசேஷம் வருகிறதற்கு முன்னேயே அந்த ஜனத்தில் இருந்த குணம் அது. பழைய கிராமங்களில் சவ்ல்புக் என்று வாலிபர் தங்குகிற பெரிய வீடு இருக்கும். வழிப்போக்கர்களும் அங்கே தங்கலாம். இப்போது 2011 கணக்குப்படி அங்கே நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். ஐஸ்வாலுக்கு வெளியே செலிங் பக்கத்துச் சாலையோரத்தில் ஆள் இல்லாத சின்னச் சின்னக் கடைகள் உண்டு. காய், பழம், விலை எழுதின அட்டை, காசு போட ஒரு டப்பா. கடைக்காரர் தோட்டத்து வேலைக்குப் போயிருப்பார். நீங்களே காசு போட்டு, பாக்கிச் சில்லறையையும் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். முகம் தெரியாத பிரயாணியை நம்புவதும் ஒரு உபசரிப்பு. எழுப்புதலைத் தேடுகிற நமக்கு இன்னொரு காரியம். 1905ல் காசி மலைகளில் எழுப்புதல் உண்டானது. அதைக் கேள்விப்பட்டு மிசோ சபையார் சிலர் 1906ல் அங்கே நீண்ட பிரயாணமாய்ப் போய் வந்தார்கள். அவர்கள் திரும்பினபோது மிசோ மலையிலும் அக்கினி பற்றிக்கொண்டது. அந்த எழுப்புதல் வழிநடந்த காலோடு வந்தது. கால் நடக்கவேண்டுமானால் வழியிலே யாராவது சோறு போடவேண்டும்.

இதெல்லாம் பழைய காலம், இப்போது யார் அப்படி இருக்கிறார்கள் என்பீர்களோ? 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ரயில் இல்லை, பஸ் இல்லை. வேலையும் கூலியும் போன தொழிலாளிகள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார்கள். போலீஸ் அடியையும் வாங்கினார்கள். வழியிலே செத்துப்போனவர்களும் உண்டு. அந்த நெடுஞ்சாலைகளில், தொட்டால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லாரும் நடுங்கின நாட்களில், கிராமத்து ஜனங்கள் தண்ணீரும் ரொட்டியும் செருப்பும் எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்தார்கள். மகாராஷ்டிராவில் யவத்மால் மாவட்டம் வழியாய் நாக்பூரிலிருந்து ஐதராபாத் போகிற சாலை இருக்கிறதே, அங்கே எண்பது வயது கடந்த ஒரு சீக்கியப் பெரியவர் தகரக் கொட்டகையில் லங்கர் நடத்தி லட்சக்கணக்கான பேருக்குச் சாப்பாடு போட்டார். சுற்றிலும் வெகுதூரத்துக்கு வேறே ஒன்றும் கிடைக்காத இடம்.

ஆனால் தேவபிள்ளைகளே, இந்த அன்புக்கு நம் தேசத்தில் ஒரு வேலி இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்தப் பாடம் பொய்யாகிவிடும். “ஆயியே, பைட்டியே” என்று திண்ணையில் உட்காரவைத்த அதே வீட்டில், தண்ணீர் வருகிறதற்கு முன்னே ஒரு கேள்வி வரும். பேர் என்ன? முழுப்பேர் என்ன? அதாவது என்ன ஜாதி? பதிலைப் பொறுத்துச் செம்பு மாறும். தூரத்து ஊர்க்காரனுக்குக் கிடைக்கிற உபசரிப்பு அந்த ஊர்ச் சேரிக்காரனுக்குக் கிடைக்காது. தமிழ்நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த நாமும் இதிலே நியாயாதிபதியாய் உட்கார முடியாது. வெளியூர் விருந்தாளியின் சிரிப்பை மாத்திரம் படம் பிடித்துக்கொண்டு வந்து, இந்திய ஜனங்கள் எல்லாருக்கும் அன்பானவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. கிணற்றுக்குள் இறங்க விடாமல் நிறுத்தப்பட்டவனைக் கேட்டால் வேறு கதை சொல்லுவான்.

இந்த வேலியை ஆண்டவர் எப்படித் தாண்டினார்? சீகார் ஊர்க் கிணற்றண்டையில் அவர் முதலில் எதையும் கொடுக்கவில்லை, கேட்டார். தாகத்துக்குத் தா என்று ஒரு சமாரியப் பெண்ணிடம் கேட்டார். யூதர் அவர்களோடு சம்பந்தம் கலவாத காலம். அவள் குடத்திலிருந்து வாங்கிக் குடிக்க அவர் ஆயத்தமாயிருந்தது அவளுக்கே ஆச்சரியமாய் இருந்தது. பேதுருவைப் பாருங்கள். யோப்பாவிலே அவர் தங்கினது தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில். செத்த மிருகத்தின் தோலைத் தொடுகிற தொழில். யூதர் அருவருத்து ஊருக்கு ஒதுக்குப்புறமாய் வைத்த தொழில். நம் தேசத்தில் அந்தத் தொழில் செய்தவர்களை எங்கே குடிவைத்தோம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்த வீட்டு மாடியில்தான் தரிசனம் வந்தது; அங்கேயிருந்துதான் கொர்நேலியுவின் வீட்டுக்குப் புறப்பட்டார். ஆண்டவர் எழுபது பேரை அனுப்பினபோதும் பையையும் பணத்தையும் எடுக்கவேண்டாம் என்றார். ஒரு வீட்டில் தங்கி, அவர்கள் கொடுக்கிறதைச் சாப்பிடச் சொன்னார். ஊழியத்துக்குப் போகிறவன் அந்த வீட்டின் கஞ்சியை நம்பிப் போகும்படி அவரே வைத்தார்.

இங்கேதான் எனக்கு ஒரு பாரம். 1903ல் திருநெல்வேலியில் இந்தியன் மிஷனெரி சொசைட்டி தொடங்கின காலம் முதல் தமிழ்நாட்டிலிருந்து எத்தனையோ பேர் வேறு மாநிலங்களுக்கு ஊழியத்துக்குப் போயிருக்கிறார்கள். இன்றைக்கும் நம் சபைகளிலிருந்து வாலிபர் குழுக்கள் பத்து நாள், பதினைந்து நாள் வட இந்தியப் பிரயாணம் போகிறார்கள். திரும்பிவந்து ஞாயிற்றுக்கிழமை அறிக்கை வாசிக்கிறார்கள். நான் பல அறிக்கைகள் கேட்டாயிற்று. அந்தகாரம், விக்கிரகம், கட்டு, எதிர்ப்பு, இத்தனை கைப்பிரதி. ராத்திரி பத்து மணிக்குப் பஸ் தவறி நின்றபோது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பளி கொடுத்த அம்மாவைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இருக்காது. தனியே உட்காரவைத்துக் கேட்டால்தான் சொல்லுவார்கள். “ஆமா ஐயா, ஒரு அம்மா படுக்க இடம் கொடுத்தாங்க, காலையில பரோட்டா சுட்டுக் கொடுத்தாங்க, பணம் கொடுத்தா வாங்கவே இல்ல.” ஏன் இதை மேடையில் சொல்லவில்லை? அவள் இரட்சிக்கப்படாதவள், ஆகையால் அவள் செய்ததை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. லூக்காவுக்குத் தெரிந்தது. பவுல் செய்த அற்புதத்தை எழுதின அதே மையினால், அதற்கு முன் வரியில், தீவார் மூட்டின நெருப்பை எழுதினார்.

சொல்லாமல் விடுவதினால் என்ன நஷ்டம்? கேட்கிற சபைக்கு வடக்கே உள்ள ஜனங்கள் முகமில்லாத இருட்டாய்ப் போகிறார்கள். அந்த இருட்டு அப்புறம் இங்கே வேலை செய்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியிலும், கோயம்புத்தூர் பவுண்டரியிலும், சென்னையில் மேம்பாலம் கட்டுகிற இடத்திலும், நம் தெரு ஓட்டலில் தட்டு எடுக்கிற இடத்திலும் பீகார், ஒடிசா, ஜார்கண்ட், அஸ்ஸாம் பிள்ளைகள் நிற்கிறார்கள். நாம் அவர்களை என்னவென்று கூப்பிடுகிறோம்? வடக்கன். நாம் அங்கே போனால் நம்மை மதராசி என்கிறார்கள் என்று குறைப்படுகிறோம், இங்கே இதைச் செய்கிறோம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. செய்தி பொய்தான். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் பயந்தார்கள், சிலர் ஊருக்கே கிளம்பிவிட்டார்கள். இங்கே ஒரு தமிழ் வீட்டிலாவது உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால், “அந்த வீட்டு அம்மா இருக்காங்க, கேட்டுப் பார்ப்போம்” என்று நினைக்க ஒரு இடம் இருந்திருக்கும். ஐந்து வருஷம், பத்து வருஷம் நம் ஊரில் வேலை செய்துவிட்டு, ஒரு வீட்டுப் படியும் ஏறாமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலருடைய தாய்மார், நம் வாலிபர் குழு போன பாதையில் உள்ள கிராமங்களில்தான் இருக்கிறார்கள்.

சூனேம் ஊரில் ஒரு கனம்பொருந்திய ஸ்திரீ எலிசாவுக்கு மாடியில் ஒரு சின்ன அறை கட்டி, கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு வைத்தாள். நாலே சாமான். நம்மில் சிலருக்கு அவ்வளவு இடமும் இருக்காது, வாடகை வீடு. இடமில்லாதவர்கள் ஒரு தட்டுச் சோறு போடலாம். அவனை உடனே கூட்டத்துக்கு இழுக்கவேண்டும், கைப்பிரதி கொடுக்கவேண்டும் என்று அவசரப்படவேண்டாம். மெலித்தாவில் மூன்று மாதம் இருந்தார்கள். பவுல் பிரசங்கம் பண்ணினார் என்று இந்தப் பத்து வசனத்தில் எழுதியில்லை. வாங்கினார், ஜெபித்தார், சுகம் கிடைத்தது, போகும்போது தீவார் கப்பலுக்கு வேண்டியதை ஏற்றி அனுப்பினார்கள் என்றுதான் இருக்கிறது.

வீட்டுக்கூட்டங்களில் இந்தப் பாடத்தை எடுக்கிறவர்கள் முழு நேரமும் தாங்களே பேசவேண்டாம். வெளி மாநிலத்துக்குப் போய்வந்தவர்களைப் பேசவிடுங்கள். உங்களுக்கு யார் தண்ணீர் கொடுத்தார், யார் வழி காட்டினார், யார் வீட்டில் படுத்தீர்கள் என்று கேளுங்கள். ஊர்ப்பேரும் முகமும் ஞாபகம் இருக்கிறவர்கள் அந்த வீட்டாருக்காக ஜெபிக்கட்டும். பிறகு, வருகிற ஞாயிறு மத்தியானம் நம் தெருவில் வேலை செய்கிற யாரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம் என்று அங்கேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மாமிசம் சாப்பிடுவாரா, மாட்டாரா என்று முந்தின நாளே விசாரித்துவிடுவது நல்லது. பருப்பும் சப்பாத்தியும் எல்லாருக்கும் ஆகும். பாஷை தெரியாதே என்று தயங்கவேண்டாம். “கானா காயா?” என்றால் சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அதற்கு மேல் பேசவேண்டுமானால், சபையில் ராணுவத்திலிருந்து வந்த அப்பாமார் யாராவது இருப்பார்கள், அவர்களையும் சாப்பிடக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.